நீச்சல் குளத்து பம்ப் மோட்டார் மக்கர் செய்கிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடுகிறது. காயில் போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுப் புது மோட்டார் வாங்காதீர்கள். பிரேக்கரை இறக்கிவிட்டு ஷாஃப்டை (சுழலும் தண்டை) கையால் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் பேரிங் பிடித்திருக்கும், இல்லையென்றால் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் கல்லோ சருகோ சிக்கியிருக்கும். லேசாகச் சுற்றினால் என் முதல் சந்தேகம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் மேல்தான். மேலே உப்பியிருப்பது, எண்ணெய் கசிவு எல்லாம் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால் மீட்டரில் மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு) பார்க்க வேண்டும். கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டுத் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை. புதியது அதே மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். வோல்ட் அளவு கூடலாம், குறையக் கூடாது.

கெப்பாசிட்டரும் சரியாக இருந்தால் பின்மூடிக்குள் இருக்கும் ஸ்டார்ட் சுவிட்சைப் பாருங்கள். முனைகள் கருகியிருக்கும், அல்லது நடுவே எறும்புகள் நசுங்கிக் கிடக்கும். எறும்பு விஷயம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை!

கேள்வி: ஒரு மாதமாகக் கிறீச்சென்று சத்தம். தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓடும், ஆனால் ஒருநாள் பேரிங் சிக்கிக்கொண்டு காயிலையும் சேர்த்து எரித்துவிடும். இப்போதே கழற்றினால் இரண்டு பேரிங்கோடு செலவு முடிந்தது. கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பம்ப் பக்கத்து பேரிங் துருப்பிடித்திருந்தால் குற்றவாளி பேரிங் இல்லை, பம்பின் தண்ணீரை மோட்டார் பக்கம் விடாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல். சீல் வழியே சொட்டும் தண்ணீர் ஷாஃப்ட் வழியாகவே மோட்டாருக்குள் போகிறது. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே அடியில் ஈரமோ உப்புப் படிவோ இருந்தால் அதுதான் சாட்சி. சீலை மாற்றாமல் புது மோட்டாரை மாட்டுவது காசைக் குளத்தில் போடுவதுதான். புது சீலின் பளபளப்பான முகத்தில் விரல் படக் கூடாது, தண்ணீர் இல்லாமல் ஓட்டியும் பார்க்கக் கூடாது.

கேள்வி: பிரேக்கர் டிரிப் ஆகிறது. மோட்டார்தான் காரணமா?

பதில்: எப்போது டிரிப் ஆகிறது? போட்ட உடனே என்றால் காயிலிலிருந்து எர்த்துக்குக் கசிவு இருக்கலாம். வயர்களைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரீஷியனை மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை நம்ப முடியாது. குளத்தில் ஆட்கள் இறங்குவார்கள், டிரிப் ஆவதைத் தவிர்க்கப் பெரிய பிரேக்கர் போடும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் டிரிப் ஆனால் ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்குகிறதா பாருங்கள்.

பிரேக்கர் அப்படியே இருக்க, அரைமணி ஓடி மோட்டார் மட்டும் நின்று ஆறியதும் மறுபடி ஓடினால் கதை வேறு. அது சூடு. காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கும், அல்லது வோல்டேஜ் குறைவாக வரும்.

கேள்வி: 1 எச்பி மோட்டார் எரிந்துவிட்டது. அதே பம்பில் 1.5 எச்பி போட்டால் தண்ணீர் வேகமாக வருமா?

பதில்: வராது. தண்ணீரின் அளவைத் தீர்மானிப்பது இம்பெல்லரும் சுற்றும் வேகமும். வேகம் அதேதான் என்றால் மோட்டாரில் மிச்ச பலம் சும்மா கிடக்கும். நேம்பிளேட்டில் எச்பியை மட்டும் பார்க்காமல் சர்வீஸ் ஃபேக்டரையும் (எச்பிக்கு மேல் எவ்வளவு சுமை தாங்கும் என்ற எண்) பாருங்கள், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் உண்மையான திறன். ஒரு மோட்டார் 1 எச்பி, ஃபேக்டர் 1.65; இன்னொன்று 1.5 எச்பி, ஃபேக்டர் 1.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் இரண்டும் 1.65! புதியதில் இந்தப் பெருக்குத்தொகை பழையதைவிடக் குறையக் கூடாது. அப்புறம் வோல்ட், ஹெர்ட்ஸ், ஃபிரேம் எண் (மோட்டாரின் உடல் அளவைச் சொல்வது), ஷாஃப்ட் முனை திருகு வகையா சாவி (கீ) வகையா என்பதெல்லாம் பொருந்த வேண்டும். நேம்பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற வேரியபிள் ஸ்பீட் பம்ப் வாங்கலாமா? விலை பயமுறுத்துகிறது.

பதில்: தினமும் பல மணி நேரம் ஓட்டுபவர் என்றால் வாங்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், ஆனால் தேவைப்படும் திறன் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் கரண்ட் பெரிதும் மிச்சம்தான். ஹீட்டரும், உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் உப்பு குளோரினேட்டரும் குறைந்தபட்ச நீரோட்டம் கேட்கும், அதற்குக் கீழே வேகத்தை இறக்காதீர்கள். எப்போதாவது மட்டும் ஓட்டும் சின்னக் குளத்துக்குப் பழைய வகையே போதும்.

கேள்வி: புது த்ரீ பேஸ் மோட்டார் மாட்டினோம். ஓடுகிறது, ஆனால் பிரஷர் பாதிதான்.

பதில்: தலைகீழாகச் சுற்றுகிறது. உடனே நிறுத்துங்கள், திருகு வகை இம்பெல்லர் என்றால் கழன்றுகொள்ளும். மூன்று பேஸ் வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றச் சொல்லுங்கள்.