வளைகுடாவிலிருந்து வந்தவரின் ஆறாத புண்: எதிர்ப்பு சக்தி குறைந்ததாலா?

கேள்வி: என் காக்கா (அண்ணன்) சவூதியில் அல் அஹ்ஸா பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு மாதங்களுக்கு முன் கீழக்கரைக்குத் திரும்பினார். வந்த சில நாட்களில் முழங்கைக்குக் கீழே கொசு கடித்தாற்போல ஒரு தடிப்பு எழும்பியது. இப்போது அது ஒரு ரூபாய் நாணய அளவில் புண்ணாகி, நடுவில் பொருக்குக் கட்டியிருக்கிறது, வலி இல்லை. ஆன்டிபயாடிக் மாத்திரைக்குக் கேட்கவில்லை. மெடிக்கலில் வாங்கிய கிரீமைத் தடவியபோது சிவப்பு குறைந்தது, பிறகு புண் அகன்றுவிட்டது. எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் ஆறவில்லை என்கிறார்கள். கருஞ்சீரகமும் தேனும் கொடுத்தால் சரியாகுமா? வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பதில்: நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனாலும் வலியில்லாத புண், மாத்திரைக்கு அடங்காத போக்கு, அவர் வேலை பார்த்த ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தோல் லீஷ்மேனியாசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோயைத்தான். அல் அஹ்ஸா இந்நோய்க்கு நெடுங்காலமாக அறியப்பட்ட பகுதி. அங்கே பாலைவன எலிகளின் உடலில் வாழும் ஒட்டுண்ணியை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமேயுள்ள மணல் ஈ மனிதருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. கடித்துச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை கழித்தே தடிப்பு தெரியும் என்பதால், ஊருக்கு வந்த பிறகு அது எழும்பியதில் வியப்பில்லை.

இனி உங்கள் முக்கியமான ஐயத்துக்கு வருகிறேன். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குத்தான் இந்தப் புண் வரும் என்பது சரியன்று. நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கும் வருகிறது. மணல் ஈ தோலைக் கிழித்து, அங்கே ஊறும் இரத்தத்தை உறிஞ்சும்போது, நீண்ட சாட்டை போன்ற வால் கொண்ட ஒட்டுண்ணிகளை உள்ளே விடுகிறது. காயம் பட்ட இடத்துக்கு நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் சில நிமிடங்களிலேயே திரண்டு வந்து அவற்றை விழுங்குகின்றன. பின்னர் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி அணுக்களும் விழுங்குகின்றன. மற்றக் கிருமிகளாக இருந்தால் பெருவிழுங்கியின் அமிலப் பைக்குள் செரித்துப் போயிருக்கும். இந்த ஒட்டுண்ணியோ அந்தப் பைக்குள் வாலைச் சுருக்கிக்கொண்டு உருண்டை வடிவம் எடுத்து, ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிகிறது. மீன்கூட்டில் அகப்பட்ட மீன் சாகாமல் அந்தக் கூட்டுக்குள்ளேயே குஞ்சு பொரித்துப் பெருகுவதற்கு ஒப்பான நிலை இது. அணுவுக்குள் ஒளிந்திருப்பதால், இரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் பொருள்களாலும் அதைப் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

பெருவிழுங்கிக்குக் கொல்லும் திறன் இருக்கிறது, ஆனால் அதைத் தூண்டிவிட ஒரு சமிக்ஞை வேண்டும். வேறு சில அணுக்கள் ஒட்டுண்ணியின் துணுக்குகளைப் பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு போய், டி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. அங்கே பயிற்சி பெற்ற டி செல்கள் பெருகிப் புண்ணுள்ள இடத்துக்குத் திரும்பி, இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்த பிறகுதான், பெருவிழுங்கிகள் நைட்ரிக் ஆக்சைடு போன்ற நச்சுப் பொருள்களை உண்டாக்கித் தம் வயிற்றிலிருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்கின்றன. இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். இதற்கு நேர்மாறாக, இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 10 போன்ற வேறு சமிக்ஞைப் பொருள்கள் ஓங்கினால் பெருவிழுங்கிகள் அடங்கிப் போகும். ஒரே ஒட்டுண்ணியைச் செலுத்தியபோது ஓர் இன எலிகளுக்குப் புண் ஆறியதையும், இன்னோர் இன எலிகள் நோய் முற்றி இறந்ததையும் ஒப்பிட்டே விஞ்ஞானிகள் இந்த இரு வழிகளையும் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள்.

நோயாளிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுண்டு. ஒட்டுண்ணி சத்தமின்றிப் பெருகும் முதல் வாரங்களில் தோலில் ஏதும் தெரிவதில்லை. டி செல்கள் வந்து போராடத் தொடங்கிய பிறகே தடிப்பும் புண்ணும் உண்டாகின்றன. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் அந்தப் புண்ணில் பெரும்பகுதி உடல் நடத்தும் எதிர்ப்பின் விளைவுதான். அந்த எதிர்ப்பு அளவு மீறினாலும் கேடு: சிலருக்கு ஆறிய தழும்பின் ஓரத்திலேயே ஆண்டுக்கணக்கில் புதிது புதிதாகத் தடிப்புகள் எழும்பும். எதிர்ப்பே எழாமல் போனால், எத்தியோப்பியா போன்ற நாடுகளில் காணப்படும் ஒரு வகையில், உடலெங்கும் ஒட்டுண்ணி நிறைந்த முடிச்சுகள் பரவும்.

கிரீமைத் தடவியதும் சிவப்பு தணிந்து பிறகு புண் அகன்றதன் காரணம் இப்போது விளங்கும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கொடுக்கும் கிரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது டி செல்களின் வேலையை முடக்குகிறது; சிவப்பு குறைவது போலத் தோன்றும், ஒட்டுண்ணியோ உள்ளே தடையின்றிப் பெருகும். அருள்கூர்ந்து அதை இன்றே நிறுத்துங்கள். குழாயை மட்டும் எறியாமல் மருத்துவரிடம் காட்டுவதற்கு எடுத்துப் போங்கள்.

கருஞ்சீரகத்தையும் தேனையும் உணவாகச் சாப்பிடுவதில் தடையில்லை. இந்நோயை அவை குணப்படுத்தும் என்று மட்டும் நம்ப வேண்டாம். கருஞ்சீரக எண்ணெயைப் புண்ணின் மேல் தடவக் கூடாது, சிலருக்குத் தோல் வெந்து போகும். முட்டை, மீன், பருப்பு என வழக்கமான நல்ல சாப்பாடு போதும். சர்க்கரை அளவைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். கட்டுக்கடங்காத சர்க்கரை எந்தப் புண்ணையும் ஆறவிடாது. எச்.ஐ.வி. பரிசோதனையும் கேட்பார்கள். டி செல்களைக் குறைக்கும் நோய் உண்டா என்று அறிந்துகொள்ளவே அது. தவறாக நினைக்க வேண்டாம்.

தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, துணிமணிகளாலோ பிள்ளைகளுக்கு இது ஒட்டாது. பெயரில் மணல் இருப்பதால் கடற்கரை மணலைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். இந்தப் பூச்சி மணல் நிறத்தில் இருப்பது. எலி வளைகளிலும் சுவர் வெடிப்புகளிலும் தங்குவது. புண்ணைச் சுத்தமான துணியால் மூடி வைத்தால் போதும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலோ தோல் பிரிவுக்குச் சென்று, எந்த ஊரில், எந்த மாதங்களில் வேலை பார்த்தார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். கேட்கப்படாமல் போவது பெரும்பாலும் அதுதான். புண்ணின் நடுவில் இருந்தல்ல, தடித்த விளிம்பிலிருந்து சுரண்டி எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். வெளிர்நீலப் பெருவிழுங்கிக்குள் எள்ளைவிடப் பல நூறு மடங்கு சிறிய முட்டை வடிவங்கள் கூட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் ஒரு புள்ளியும் அதையொட்டி ஒரு சிறு கோடும் இருக்கும். 1903-இல் இதன் நெருங்கிய உறவான, கருங்காய்ச்சலை (காலா அசார்) உண்டாக்கும் ஒட்டுண்ணியைப் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் லீஷ்மனும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டோனவனும் தனித்தனியே அறிவித்ததால், இவற்றை இன்றும் ஆய்வகங்களில் எல்.டி. பாடி என்றே சொல்கிறார்கள். ஒருவேளை அவர் கடல் தொழிலும் பார்ப்பவராக, மீன் முள் குத்திய நினைவு இருப்பவராக இருந்தால், அதையும் சொல்ல வேண்டும். மீன் தொட்டி, கடல் நீர் வழியே வரும் காசநோயின் உறவுக் கிருமி ஒன்றும் கையில் இதே போன்ற புண்ணை உண்டாக்கும்.

லீஷ்மேனியாசிஸ் உறுதியானால், ஒரே சிறு புண்ணுக்கு விளிம்பில் சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் என்னும் மருந்தை ஊசியாகப் போடுவதோ, வெப்பத்தால் சுடுவதோ வழக்கம். அல் அஹ்ஸாவில் பரவும் வகை பல மாதங்களில் தானே ஆறுவதும் உண்டு. அப்போதும் தழும்பு நிற்கும். ஆறிய பின் அதே வகை ஒட்டுண்ணிக்கு எதிரான பாதுகாப்பு பெரும்பாலும் நீடிக்கும், ஆனால் ஒட்டுண்ணி முற்றாக அழிவதில்லை. சிறு எண்ணிக்கையில் அது தோலில் தங்கியிருக்க, டி செல்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. பிற்காலத்தில் மூட்டு வாதத்துக்கோ, சிறுநீரக மாற்றுக்கோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால், உங்கள் காக்கா அந்தத் தழும்பைக் காட்டி இந்த நோய் வந்ததை அந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பரிசோதனைச் சீட்டைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.