கோடு விழுந்த சிஎஸ்எஸ், காலியான ஸ்டைல்ஸ்: வாசகர் கேள்விகள்

எங்கள் தளத்தில் நான்கு மொழிப் பக்கங்கள். எழுத்துரு ரோபோட்டோ, டெவ்டூல்ஸில் (குரோம் உலாவியில் எஃப்12 அழுத்தினால் வரும் சோதனைக் கருவி) அதன்மேல், விதி செல்லாது என்று காட்டும் கோடும் விழவில்லை. தமிழ்ப் பக்கம் மட்டும் கணினிக்குக் கணினி வேறாகத் தெரிகிறதே? (பொங்கோல் வாசகர்)

சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிமுறை) நீங்கள் கேட்ட எழுத்துருவைத்தான் டெவ்டூல்ஸின் ஸ்டைல்ஸ் பகுதி காட்டும். கிடைத்தது எது என்பதைக் கம்ப்யூட்டட் பகுதியின் அடியில் 'ரெண்டர்டு ஃபான்ட்ஸ்' சொல்லும். ரோபோட்டோவில் தமிழ் எழுத்துகளே கிடையாது. எனவே உலாவி கணினியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது: விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா யூஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என். ரோபோட்டோவுக்கு அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்து, வெப் ஃபான்ட்டாக (பக்கத்தோடு சேர்ந்து இணையத்திலிருந்து இறங்கும் எழுத்துரு) ஏற்றுங்கள்.

அப்போதும் ரெண்டர்டு ஃபான்ட்ஸில் 'லோக்கல் ஃபைல்' (கணினியிலேயே இருக்கும் எழுத்துரு) என்றே வந்தால், நெட்வொர்க் பகுதியில் 'ஃபான்ட்' வடிகட்டியைப் போடுங்கள். 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்றால் கோப்பின் பாதை தவறு. கோரிக்கையே கிளம்பவில்லை என்றால் பெயரில் எழுத்துப்பிழை இருக்கும், அல்லது எந்தெந்த எழுத்துகளுக்கு அந்த எழுத்துரு என்று சொல்லும் யூனிகோட்-ரேஞ்சில் தமிழ் விடுபட்டிருக்கும். பிழைச் செய்திகள் வரும் கன்சோலில் சிஓஆர்எஸ் பிழை (வேறு தளத்துக் கோப்பை எடுக்க அனுமதியில்லை) தெரிந்தால், எழுத்துரு இருக்கும் சர்வர் அனுமதி தரவேண்டும்.

கையோடு லைன்-ஹைட்டையும் (வரியின் உயரம்) 1.6 அளவுக்கு உயர்த்துங்கள். ஆங்கிலத்துக்கு அளந்து உயரம் குறித்த பொத்தான்களில் 'கீ'யின் கொக்கி வெட்டுப்படுவது இங்கே நாம் அடிக்கடி பார்க்கும் காட்சி.

சரியாகத்தான் எழுதினேன், ஆனாலும் கோடு விழுகிறது. (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி)

கோட்டோடு மஞ்சள் முக்கோணமும் இருக்கிறதா? இருந்தால் உலாவிக்கு அந்த வரி புரியவில்லை: 'பிஎக்ஸ்' விட்ட வெறும் 16, அல்லது முந்தைய வரியில் விட்டுப்போன அரைப்புள்ளி. வெறும் கோடு என்றால் வேறொரு விதி ஜெயித்திருக்கிறது. கம்ப்யூட்டட்டில் அந்தப் பண்பை விரித்தால் ஜெயித்தது எந்தக் கோப்பு, எந்த வரி என்று தெரியும். கோடில்லாமல் மங்கி, பக்கத்தில் ஆங்கில 'ஐ' (i) குறி இருந்தால் எழுதியது சரி, இடம்தான் தவறு. ஃப்ளெக்ஸோ கிரிட்டோ (உள்ளிருப்பவற்றை அடுக்கும் முறைகள்) இல்லாத பெட்டிக்கு, உள்ளிருப்பவற்றை இடம் பிரித்து வைக்கும் ஜஸ்டிஃபை-கன்டென்ட் கொடுப்பது இந்த வகை. எல்லாவற்றுக்கும் 'இம்பார்ட்டன்ட்' (மற்ற விதிகளை மீறி ஜெயிக்கவைக்கும் சொல்) போடுவது கடனை அடைக்கக் கடன் வாங்குவது மாதிரி.

பக்கத்தைப் புதுப்பித்தால் மாற்றங்கள் போய்விடுகின்றன.

டெவ்டூல்ஸில் சோர்சஸ், பிறகு மாற்றங்களை உங்கள் கணினியில் சேமிக்கும் ஓவர்ரைட்ஸ். ஒரு கோப்புறையைத் தேர்ந்து அனுமதி கொடுங்கள். குரோம் 65 முதல் இது உண்டு. ஸ்டைல்ஸின் மேலே உள்ள 'எலிமென்ட்.ஸ்டைல்' பகுதியில் செய்த மாற்றம் மட்டும் இதில் நிற்காது. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். மறந்தால் புதிய பதிப்பு வெளியான பிறகும் உங்கள் கணினி பழையதையே காட்டும்.

ஸ்டைல்ஸ் முழுதும் காலி. அலுவலக மடிக்கணினியில் எஃப்12 அழுத்தினால் எதுவுமே வருவதில்லை. (ஈசூன் வாசகர்)

காலியாக இருப்பதற்கு முதலில் மேலே உள்ள 'ஃபில்டர்' கட்டத்தைப் பாருங்கள். எப்போதோ தட்டிய சொல் அங்கேயே கிடக்கும். இல்லையென்றால் கெஸ்ட் சாளரத்தில் (உங்கள் அமைப்புகளும் எக்ஸ்டென்ஷன்களும் இல்லாத விருந்தினர் சாளரம்) திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன் அல்லது கலைந்த அமைப்பு. டெவ்டூல்ஸுக்குள் எஃப்1 அழுத்தி, பிரிஃபரன்சஸ் அடியில் உள்ள 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ் அண்ட் ரீலோட்' கொடுங்கள்.

எஃப்12க்கு எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பலனில்லை என்றால் முகவரிப் பட்டையில் குரோம்://பாலிசி பக்கத்தைத் திறங்கள். 'டெவலப்பர்டூல்ஸ்அவைலபிலிட்டி' (டெவ்டூல்ஸை அனுமதிக்கும் விதி) மதிப்பு 2 என்றிருந்தால் நிர்வாகமே தடுத்திருக்கிறது. ஐடி பிரிவிடம் கேட்பதுதான் வழி.