தொடர்ந்து தோற்கும் என்எஃப்எல் அணி முதலில் குவார்ட்டர்பேக்கைத் தேட வேண்டுமா, மற்ற இடங்களைச் சரிசெய்ய வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கிளீவ்லாந்து பிரவுன்ஸை உதாரணம் காட்டியிருக்கிறார். 2024-இல் 3 வெற்றி, 14 தோல்வி. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் இரண்டாவது இடம் கையில் இருந்தது. அதை ஜாக்சன்வில் அணிக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாவது இடத்துக்கு இறங்கி, மேசன் கிரஹாம் என்ற தற்காப்பு முன்வரிசை ஆட்டக்காரரை எடுத்தார்கள். குவார்ட்டர்பேக்குகளை மூன்றாம் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும்தான் தொட்டார்கள். இது சரியா என்று கேட்கிறார்.

சரி என்றுதான் சொல்வேன். நான் கிளீவ்லாந்தின் புறநகரில் வசிப்பவன், பல வருடமாக இந்த அணியின் ரசிகன். அதனால் பதில் கொஞ்சம் நீளமாக வரும்.

என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: குவார்ட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கி, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நின்று எதிரணியைத் தடுப்பார்கள். அதைத்தான் லைன் என்கிறோம். அந்தச் சுவர் உடைந்தால் குவார்ட்டர்பேக் பந்தோடு தரையில் சாய்க்கப்படுவார். அது சாக்.

பிரவுன்ஸ் 1999-இல் புதிதாகப் பிறந்த அணி மாதிரிதான். பழைய அணியை உரிமையாளர் 1995 சீசனுக்குப் பிறகு பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார். மூன்று வருடம் ஊரில் அணியே இல்லை. திரும்பி வந்த வருடம், டிராஃப்டின் முதல் இடத்தில் டிம் கௌச் என்ற இளைஞரை எடுத்தார்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் சாதனைகளைக் குவித்தவர். ஆனால் அவருக்கு முன்னால் நின்ற லைன், மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்களை வைத்துச் சேர்த்தது. முதல் வருடத்திலேயே ஐம்பது தடவைக்கு மேல் தரையில் விழுந்தார். அணி இரண்டே ஆட்டங்களில் ஜெயித்தது. ஐந்து சீசனில் கௌச்சின் என்எஃப்எல் வாழ்க்கை முடிந்துபோனது.

அதே தவறை ஹூஸ்டன் 2002-இல் செய்தது. அதுவும் புது அணி, அங்கேயும் முதல் தேர்வு குவார்ட்டர்பேக்தான். டேவிட் கார் அந்த ஒரே சீசனில் 76 முறை சாக் ஆனார். அது இன்றும் சாதனைப் புத்தகத்தில் இருக்கிறது. 76 முறை! ஒரு இருபத்து மூன்று வயதுப் பையன் அவ்வளவு அடி வாங்கினால், அடுத்த வருடம் லைன் நன்றாக இருந்தாலும் அவன் கண் பந்து போகும் திசையைப் பார்க்காது, அடி வரும் திசையைத்தான் பார்க்கும். உடம்பைவிட இந்தப் பழக்கம்தான் ஆறாத காயம் என்று நான் நினைக்கிறேன்.

கௌச்சுக்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நகர மையத்தில் ஒரு கண்ணாடி ஜன்னலில் கௌச்சின் ஜெர்சியை மாட்டி, ஒவ்வொரு புது குவார்ட்டர்பேக் வரும்போதும் அவர் பெயரைக் கீழே ஒட்டிக்கொண்டே வந்தார்கள். 2024 சீசன் முடிந்தபோது 1999 முதல் ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகளின் எண்ணிக்கை 40. பிராடி க்வின், பிராண்டன் வீடன், ஜானி மான்ஸியல் என்று மூன்று பேரை, 2007, 2012, 2014 ஆகிய வருடங்களில், மூன்று தடவையும் முதல் சுற்றின் அதே 22-ஆவது இடத்தில் எடுத்தார்கள். வீடன் வந்தபோதே அவருக்கு வயது 28.

இதை வைத்து, 'கிளீவ்லாந்துக்காரர்களுக்குக் குவார்ட்டர்பேக்கைப் பொறுக்கத் தெரியாது' என்று பேசுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறுக்கியதில் சில தவறு உண்டு, மான்ஸியல் கண்டிப்பாகத் தவறு. ஆனால் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. வயலை உழாமல், தண்ணீர் கட்டாமல் நாற்றை நட்டுவிட்டு, முளைக்கவில்லை என்று நாற்றைப் பிடுங்கி எறிந்துகொண்டே இருந்தோம்.

இதற்கு என் சாட்சி குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட்.

2016-இல் ஒரே வெற்றி. 2017-இல் அதுவும் இல்லை, 0-16. அந்தச் சீசன் முடிந்த ஜனவரியில் ரசிகர்கள் ஏரிக்கரை மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். உறையும் குளிர். நானும் போயிருந்தேன். கோபத்தில் வந்தவர்கள் இருந்தார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்தவர்களும் இருந்தார்கள். அந்த ஊர்வலத்தை வைத்து ஊரின் உணவு வங்கிக்கு நன்கொடையும் திரட்டினார்கள். இந்த ஊரை நான் என் ஊர் என்று நினைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

2018 டிராஃப்டில் முதல் இடத்தில் மேஃபீல்ட். செப்டம்பர் 20, வியாழக்கிழமை இரவு, நியூயார்க் ஜெட்ஸோடு ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக் டைராட் டெய்லர் அடிபட்டு வெளியேற, 14-0 என்று பின்தங்கியிருந்தபோது மேஃபீல்ட் உள்ளே வந்தார். 21-17 என்று ஜெயித்தோம். 635 நாளுக்குப் பிறகு வந்த வெற்றி. அந்த இரவில் எங்கள் தெருவில் முன்பின் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த வருடம் மேஃபீல்ட் புள்ளி தரும் டச்டவுன் பாஸ்களை 27 முறை எறிந்தார், புதுமுக ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை இருந்த சாதனையை முறியடித்து.

அப்புறம் என்ன நடந்தது? சீசன் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளர் ஹியூ ஜாக்சன் நீக்கப்பட்டார். மீதி ஆட்டங்களுக்கு கிரெக் வில்லியம்ஸ். 2019-இல் ஃப்ரெடி கிச்சன்ஸ், 6-10. 2020-இல் கெவின் ஸ்டெஃபன்ஸ்கி. மூன்று வருடத்தில் நான்கு பேர். ஒவ்வொருவரும் வேறு பாஷை பேசுவார்கள். ஒருவர் 'இந்தக் காலை முதலில் எடுத்து வை' என்பார், அடுத்தவர் அதை மாற்றுவார். ஆட்டத்தின் பெயர்களிலிருந்து எல்லாமே புதிது.

2020-இல்தான் முதல்முறையாக வயலை உழுதார்கள். ஜெட்ரிக் வில்ஸை முதல் சுற்றில் எடுத்து, ஜாக் கான்க்ளினைப் பணம் கொடுத்துக் கொண்டுவந்து, ஏற்கெனவே இருந்த பிடோனியோ, டிரெட்டர், டெல்லரோடு சேர்த்து, பில் காலஹன் என்ற பழுத்த லைன் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தார்கள். பின்னாலிருந்து பந்தோடு ஓட நிக் சப். அதே மேஃபீல்ட், அதே கை. 11-5. சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபில் பிட்ஸ்பர்க் மண்ணிலேயே ஸ்டீலர்ஸை 48-37 என்று வீழ்த்தினோம். அடுத்த வாரம் கான்சஸ் சிட்டியிடம் 22-17 என்று தோற்றோம், தலை நிமிர்ந்துதான் தோற்றோம்.

2021-இல் மேஃபீல்டின் இடது தோள் கிழிந்தது, அதோடேயே ஆடினார், ஆட்டம் சரிந்தது. அணிக்குப் பொறுமை போய்விட்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். 2022 மார்ச்சில் டெஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக்குக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் மேலும் சிலவற்றையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்து, 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு எழுதிக் கொடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர் மீது பாலியல் அத்துமீறல் வழக்கு தொடுத்திருந்த நேரம் அது. அவர் மறுத்தார். லீக் 11 ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. பல நண்பர்கள் அன்றோடு இந்த அணியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அவர்களை நான் தப்பு சொல்ல மாட்டேன். மூன்று சீசனில் வாட்சன் ஆடியது 19 ஆட்டம். மேஃபீல்ட் தாம்பாவுக்குப் போய் அங்கே அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

அதாவது, பையனிடம் குறை இல்லை. வீட்டில்தான் குறை.

ஆனால் லைனில் ஒரு நல்ல ஆள் இருந்தால் போதுமா? போதாது. ஜோ தாமஸை விடப் பெரிய உதாரணம் வேண்டாம். 2007-இல் மூன்றாவது இடத்தில் வந்தவர். ஒரு முறைகூட வெளியே போகாமல் தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினார். 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ஆறு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்தார், ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். அதை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. ஐந்து பேரும் வேண்டும், அவர்களை வைத்து வருடக்கணக்கில் வேலை செய்ய ஒரே பயிற்சியாளர் வேண்டும்.

இதைச் செய்து காட்டியவர்கள் எங்களிடமிருந்து மூன்று மணி நேரக் கார் பயணத்துக்குள் இருக்கிறார்கள். டெட்ராய்ட் லயன்ஸ். அவர்களும் 2008-இல் 0-16 பார்த்தவர்கள்தான். 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் மேலாளராகவும் டான் கேம்பெல் பயிற்சியாளராகவும் வந்தார்கள். தங்கள் குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்குக் கொடுத்து இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும் வாங்கினார்கள். அந்த வருட டிராஃப்டில் ஏழாவது இடம். குவார்ட்டர்பேக்குகளில் ஜஸ்டின் ஃபீல்ட்ஸும் மேக் ஜோன்ஸும் இன்னும் மீதி இருந்தார்கள். ஃபீல்ட்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டில் ஆடியவர், நான் அவரை ரசித்துப் பார்த்தவன், 'எப்படி விடுகிறார்கள்' என்று அன்றைக்குக் கத்தினேன். டெட்ராய்ட் எடுத்தது பெனே சூவெல் என்ற டேக்கிளை, அதாவது லைனின் ஓரத்தில் நிற்பவரை. அன்று நான் தவறு, அவர்கள் சரி. 2024-இல் ஃபீல்ட்ஸும் ஜோன்ஸும் ஆளுக்கு ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்குக் கைமாறினார்கள். சூவெல் லீக்கின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவர்.

முக்கியமான விஷயம் இதற்குப் பிறகு. முதல் வருடம் 3-13-1 (கடைசி எண் சமன்). இரண்டாவது வருடம் 1-6 என்று தொடங்கியது. கிளீவ்லாந்தாக இருந்திருந்தால் அந்த வாரமே கேம்பெல் வீட்டுக்குப் போயிருப்பார். டெட்ராய்ட் விடவில்லை. அந்தச் சீசன் 9-8. 2023-இல் 12-5, முப்பது வருடத்துக்கு மேல் கழித்து முதல் பிளேஆஃப் வெற்றி. 2024-இல் 15-2. எல்லாம் மற்றவர்கள் தள்ளிய அந்தக் காஃபை வைத்து.

எதிர்வாதம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2011 முதல் புதுமுகச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், நல்ல இளம் குவார்ட்டர்பேக் கிடைத்தால் நான்கைந்து வருடம் குறைந்த விலையில் கிடைக்கிறார். மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். ஹூஸ்டன் 2023-இல் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்து 10-7 ஆனது. வாஷிங்டன் 2024-இல் ஜேடன் டேனியல்ஸை எடுத்து 4-13-இலிருந்து 12-5-க்குத் தாவியது. ஆனால் இரண்டிலும் அதே வருடம் புது, திறமையான பயிற்சியாளர் வந்திருந்தார். ஹூஸ்டனில் லேரமி டன்ஸில் என்ற முதல்தர டேக்கிள் காத்திருந்தார். அதே 2023-இல் கரோலினா, டி.ஜே. மூர் என்ற தன் சிறந்த ரிசீவரையும் தேர்வுகளையும் கொடுத்து மேலே ஏறி பிரைஸ் யங்கை எடுத்தது. பந்தைப் பிடிக்க ஆள் இல்லை, 62 சாக், 2-15. பயிற்சியாளர் சீசனை முடிக்கவே இல்லை. மலிவான அந்த நான்கு வருடக் கடிகாரம், வீடு கட்டும் முன்பே ஓடத் தொடங்கினால் என்ன லாபம்?

கல்லூரி குவார்ட்டர்பேக்கை எப்படி எடைபோடுவது என்பதையும் கேட்டிருக்கிறீர்கள். உயரம், கையளவு, ஓட்ட வேகம் இதையெல்லாம் நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில், நெருக்கடி வரும்போது பந்தை என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். சாக் ஆவது பாதி லைனின் குற்றம், மீதி குவார்ட்டர்பேக்கின் குணம். அந்தக் குணம் கூடவே வரும். அடுத்து துல்லியம். அது வளரவே வளராது என்று நினைத்திருந்தேன். பஃபலோவின் ஜாஷ் ஆலன் முதல் வருடம் 52.8 சதவீதத்திலிருந்து மூன்றாவது வருடம் 69.2-க்குப் போய் என் எண்ணத்தை மாற்றினார். ஆனால் அங்கேயும் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட் மாறவில்லை, ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவரை வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால், இதை எழுதும் 2025 கோடையில் எங்களிடம் இருக்கும் இரண்டு இளைஞர்கள் மீதும் எனக்கு நம்பிக்கையும் உண்டு, கவலையும் உண்டு. ஷெடூர் சாண்டர்ஸ் கொலராடோவில் கடைசி வருடம் 74 சதவீதம் துல்லியமாக எறிந்தார். ஆனால் இரண்டு சீசனில் 94 சாக். லைன் மோசம்தான், ஆனாலும் பந்தை அதிக நேரம் பிடித்திருக்கிறார். டிலன் கேப்ரியல் மூன்று பல்கலைக்கழகங்களில் ஆடிப் பழுத்தவர், பந்தைச் சட்டென்று விடுவார். ஆனால் குள்ளம். ரோஸ் போல் என்ற கல்லூரி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசை அவரை எட்டு முறை சாய்த்ததைப் பார்த்தேன், அந்த உயரத்துக்குப் பார்வை மறைகிறது. இருவரையும் முதல் மாதத்திலேயே களத்தில் தள்ளாமல், அனுபவசாலி ஜோ ஃப்ளாக்கோவின் பின்னால் நிற்கவிட வேண்டும். கான்சஸ் சிட்டியில் மஹோம்ஸ்கூட முதல் வருடம் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால்தான் நின்றார்.

நம் லைனுக்கு வயதாகிவிட்டது. பிடோனியோ 2014-இல் வந்தவர். ஜாக்சன்வில்லிடமிருந்து கிடைத்ததையும் சேர்த்து 2026-இல் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் கையில் இருக்கும். 2025 கோடையில் நான் கேட்பது இதுதான்: முதல் தேர்வு இடது டேக்கிள். இரண்டாவதில் நல்ல ரிசீவர், இல்லாவிட்டால் இன்னொரு லைன்மேன். மனசுக்குப் பிடித்த குவார்ட்டர்பேக் தானாக நம் இடத்துக்கு வந்தால் எடுங்கள், அவரைத் தேடி அடுத்த வருடத்தின் தேர்வுகளைக் கொடுத்து மேலே ஏறாதீர்கள். ஸ்டெஃபன்ஸ்கியையும் விட்டுவிடாதீர்கள். மேஃபீல்டை வைத்து 11-5, கடைசி நேரத்தில் வந்த ஃப்ளாக்கோவை வைத்து 2023-இல் 11-6 என்று காட்டிய மனிதர் அவர்.