லட்சுமி படத்தில் உள்ள ரவி வர்மா கையெழுத்து

உங்கள் லட்சுமி படத்தில் ஓவியர் ரவி வர்மாவின் கையெழுத்து இருப்பதால் அது பழைய அசல் அச்சா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கையெழுத்து அவர் கைப்பட இட்டதல்ல. படத்தோடு சேர்த்து அச்சானது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, படத்தை உருவாக்கும் மைப் புள்ளிகளைப் பாருங்கள்.

10 மடங்கு லென்ஸ் போதும், வாட்ச் ரிப்பேர் கடையில் இருக்கும். லட்சுமியின் கன்னத்திலும் சேலை மடிப்பிலும் வைத்துப் பாருங்கள்.

1. புள்ளிகள் ஒழுங்கற்று, கையால் குத்தியதுபோல் இருந்து, ரோஸ், பழுப்பு, வெளிர்நீலம் என்று பல மைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அதிலிருந்து அச்சடிக்கும் பழைய முறை (லித்தோகிராஃப்). ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் என்பதால் ஓரங்களில் நிறம் சற்று விலகியும் தெரியும்.
2. நான்கே நிறத்தில், சீரான வரிசையில், சிறு பூ வட்டங்களாகத் தெரிந்தால் ஆஃப்செட் என்னும் நவீன இயந்திர அச்சு. பிற்கால மறுபதிப்பு. உங்கள் படத்தின் வழவழப்பைப் பார்த்தால் இதற்கே வாய்ப்பு அதிகம் என்பேன்.

கல்லச்சு என்றால் படத்தின் மரச்சட்டம் (ஃப்ரேம்) மறைத்திருக்கும் கீழ் ஓரத்தைப் பாருங்கள். 'கார்லா, லோனாவ்லா' என்று இருந்தால், 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகம் அங்கே இடம் மாறிய பிறகு வந்த பிரதி. ஆனால் 1906-இல் ரவி வர்மா இறந்த பின்னும் அச்சடித்தார்கள். ஆண்டு இதில் கிடைக்காது.

கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், மை உரிந்துவிடும்.