டெல்லி மயூர் விஹார்ல இருந்து கன்னாட் ப்ளேஸ் ஆபீஸ், மாசம் 600 கிலோமீட்டர்: டீசலா பெட்ரோலா?

சார், நீங்க சொன்ன ஓட்டத்துக்கு பெட்ரோல்தான். கணக்கு போட்டுப் பாருங்க, பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15, டீசல் 20 குடுக்குதுன்னே வச்சுக்கலாம், லிட்டருக்கு 95, 88 ரூபான்னா மாசம் 3800க்கும் 2640க்கும் போகும், மிச்சம் 1160 ரூபாதான். அதே மாடல்ல டீசலுக்கு ஒன்னேகால் லட்சம் கூட கேக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க, அதை எடுக்கவே கிட்டத்தட்ட ஒம்போது வருஷம் ஆகும்.

அதைவிட பெரிய விஷயம் டிபிஎஃப். பிஎஸ் 6ங்கிற இப்பத்த புகை விதிப்படி வர்ற டீசல்ல புகைக்கரிய பிடிச்சு வைக்கிற ஃபில்டர் அது, சூடேறி கரிய எரிச்சு தள்ளணும்னா வண்டி நிக்காம நல்ல வேகத்துல கொஞ்ச நேரம் ஓடணும். ஐடிஓ சிக்னல்ல ஊர்ந்து ஊர்ந்து போற வண்டிக்கு எங்க சார் அது நடக்கும்? எங்க டீசல் வண்டில ஃபில்டர் அடைக்குதுன்னு காட்டுற லைட் எரிஞ்சா ராத்திரி பத்து மணிக்கு நானும் வீட்டுக்காரரும் நொய்டா எக்ஸ்பிரஸ்வேல சும்மா ஓட்டிட்டு வருவோம், பிள்ளைங்க பின்னாடி தூங்கும்.

உங்க மச்சான் சொல்ற 2018 பிஎஸ் 4 டீசல், அதாவது முந்தின புகை விதிப்படி வந்த வண்டி, வேண்டவே வேண்டாம். டெல்லில டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15ன்னு இருந்த விதியில 2025ல சுப்ரீம் கோர்ட் தளர்வு குடுத்தாலும், குளிர்காலத்துல காத்து மோசமாகி கிராப்னு சொல்ற காத்து மாசு கட்டுப்பாட்டுல மூணாம் கட்டம் வந்தா பிஎஸ் 4 டீசல வெளிய எடுக்க முடியாது, ஸ்கூலுக்கு பிள்ளைய எப்படி விடுவீங்க?

ஊருக்கும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்லதானே போறீங்க, அப்புறம் டீசல் எதுக்கு. சிஎன்ஜியும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, டிக்கி இடம் மட்டும் போயிடும்.