பதில்: ஓடையில இருந்து போட்ட ஓஸ்ல தண்ணி நின்னுபோகுது

அண்ணாச்சி, திருநெல்வேலி மாவட்டம் காரையாறுக்கு மேல காணிக்குடியிருப்புல (காணி பழங்குடி மக்கள் ஊர்) 300 மீட்டர் கருப்பு ஓஸ் போட்டிருக்கீங்க, ஐப்பசி மழைக்குப் பிறகு ஓடைக்குள்ள கிடக்கிற ஓஸ் வாயைச் சுத்தம் பண்ணினாலும் தண்ணி வரலன்னு கேட்டிருக்கீங்க. வாய் சுத்தமா இருந்தும் வரலன்னா பெரும்பாலும் நடுவுல ஓஸ் ஏறி இறங்குற ஏதோ மேட்டுல காத்து அடைச்சிருக்கும். வெள்ளம் வடிஞ்சு தண்ணி குறைஞ்சு வாய் வெளிய தெரிஞ்ச நேரத்துல உள்ள போன காத்துதான் அது.

அந்த மேட்டுல ஒரு டீ (T மாதிரி மூணு வாய் உள்ள பைப் இணைப்பு) போட்டு அரை இஞ்சு பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பி மூடித் திறக்குறது) மாட்டுங்க. முதல்ல வீட்டுப்பக்கத்து முனையை மூடணும், அப்புறம்தான் மேட்டு வால்வைத் திறக்கணும். மாத்திச் செஞ்சா காத்து வெளிய வராது, இன்னும் உள்ளதான் இழுக்கும். புஸ்ஸுனு காத்து போய், தண்ணி விட்டுவிட்டுத் தெறிச்சு, ஒரே சீரா வந்ததும் மூடிட்டு வீட்டு முனையைத் திறங்க. மேடு ஓடைவாயைவிட உசரம்னா வால்வு உதவாது, ஓஸைச் சுத்தித்தான் கொண்டுபோகணும்.

ஓஸ் தாழ்ந்து போற பள்ளத்துல மணல் தங்கும், அதைத் திறந்துவிட அங்கயும் ஒரு டீயும் மூடியும் வேணும்.

வாய்க்குக் கொசுவலை கட்டாதீங்க, ஒரே ராத்திரியில இலைச்சருகு அப்பிக்கிடும். நாலு இஞ்சு பைப்புல 4 மில்லிமீட்டர் ஓட்டை நிறையப் போட்டு, முனையை மூடி, ஓஸ் வாயில மாட்டி, ஓடைத் தரைக்கு ஒரு சாண் மேல கல்லுல ஏத்தி வைங்க.

செம்மண் கலங்கல்ல பிளீச்சிங் பவுடர் சரியா வேலை செய்யாது. தெளியவிட்டு, கொதிக்க வச்சுக் குடிங்க. குழி தோண்டி ஓஸைப் புதைக்க நினைச்சா முதல்ல வனத்துறைகிட்ட கேட்டுக்கோங்க, உங்க பகுதி புலிகள் காப்பகம்.