மகப்பேறு விடுப்பு முடியும் வேளையில்: ஒரு செவிலியரின் பதில்கள்

அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலுமாக 32 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பவிருக்கும் தாய்மார்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருந்தின் பெயரும் அளவும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையை நேரில் பார்க்காமல் அதைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

கேள்வி (தாம்பரம், மென்பொருள் நிறுவனப் பணி): குழந்தைக்கு ஐந்து மாதம். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துவிட்டுச் செல்ல விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வேலைக்குச் சேரும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு தொடங்கினால் போதும். அதிகாலையில் குழந்தை ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மறுபக்கத்தில் பீய்ச்சுங்கள். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் இரவிலும் விடியலிலும்தான் கூடுதலாக இருக்கும். முதல் நாள் டம்ளரின் அடியில் இரண்டு விரற்கடை கூட வராது. அதைப் பார்த்துவிட்டு ‘எனக்குப் பாலே இல்லை’ என்று அழுத எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். குழந்தையின் வாய் இழுக்கும் அளவுக்குக் கையோ இயந்திரமோ இழுக்காது. நான்கைந்து நாட்களில் உடல் பழகிக்கொள்ளும்.

கையால் எடுப்பவர்கள் கட்டைவிரலை மேலும் ஆள்காட்டிவிரலைக் கீழுமாக, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கிக்கொண்டு வந்தால் முறை தவறு, வலிதான் மிஞ்சும். கொதிநீரில் போட்டெடுத்த, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் போதுமானது.

எடுத்த பால் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை தாங்கும். ஆனால் சித்திரை மாதத்துத் தாம்பரத்தில் எந்த அறை 25 பாகையில் இருக்கிறது? ஆகவே பனிக்கட்டிப் பொதி வைத்த பெட்டியில் உடனே வைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்காமல் உட்புறத்தில் வைத்தால் நான்கு நாட்கள் இருக்கும். ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை வைக்கலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் வீடுகளில் அதை நம்பிச் சேமிக்க வேண்டாம். ஒவ்வொரு பாத்திரத்திலும் 60 முதல் 90 மில்லி மட்டும் ஊற்றித் தேதி எழுதுங்கள். மேலே ஏடு போலக் கொழுப்புப் பிரிந்து நிற்கும், அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. சிலருடைய பாலில், குளிரில் வைத்த பிறகு சோப்பு நெடி வரும். பாலிலேயே உள்ள ஒரு நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது அது. குழந்தை குடித்தால் கொடுக்கலாம். பாத்திரத்தை வெந்நீரில் நிற்கவைத்து மெல்லச் சுழற்றிச் சூடேற்றுங்கள். அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வைக்கவே கூடாது. குழந்தை வாய்வைத்து மீந்த பாலை இரண்டு மணி நேரத்திற்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

இறுதியாக, பால் புட்டி வாங்காதீர்கள். சங்கோ பாலாடையோ நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பவை. கழுவ எளிது, மூலைமுடுக்கில் அழுக்குத் தங்காது, மார்பைக் குழந்தை மறுக்கும் வாய்ப்பும் குறைவு. இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

கேள்வி (திருப்பூர், பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளர்): முதல் குழந்தை. மூன்று மாதம்தான் சம்பளத்துடன் விடுப்பு, அதற்கு மேல் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்கிறார் மேலாளர்.

பதில்: உங்கள் மேலாளர் சொல்வது 2017க்கு முந்தைய கணக்கு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் அந்த ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு; அதில் எட்டு வாரம் வரை பிரசவத்திற்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பெறுபவர்களில் 12 வாரம் என்பது, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு மட்டுமே. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது வந்துள்ள, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே அளவுதான். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். விடுப்பில் இருப்பவரை அந்தக் காரணத்துக்காக நீக்குவது சட்டவிரோதம்.

உங்களுக்கு ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் பேறுகாலப் பணத்தைத் தருவது ஈஎஸ்ஐ நிறுவனமே ஒழிய உங்கள் முதலாளி அல்லர். ஆகவே ‘கம்பெனிக்கு நட்டம்’ என்ற பேச்சே எழாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை தாய் அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட இரண்டு இடைவேளைகளும் உண்டு. வாய்ப்பேச்சாக எதையும் விடாமல் விடுப்பு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். எந்தத் தாளிலும் ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்’ என்று கையெழுத்திட வேண்டாம். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, பெரம்பலூர்): எனக்கும் 26 வாரம்தானா?

பதில்: இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம்.

கேள்வி (கரூர்): பால் போதவில்லை என்று நினைக்கிறேன். குழந்தை எப்போதும் அழுகிறாள். இரண்டு மாதம் ஆகிறது.

பதில்: அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழிக்கிறாளா? முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 25 முதல் 30 கிராம் எடை கூட வேண்டும். அங்கன்வாடியிலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ ஒரே தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டால் அது தெரிந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தால் பால் போதுகிறது என்றே பொருள். எடை கூடவில்லையென்றால் குழந்தை மார்பைப் பற்றும் விதத்தை ஒரு செவிலியர் நேரில் பார்க்க வேண்டும். ஊகத்தின் பேரில் பால் பவுடர் தொடங்கினால், குழந்தை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும்.

கேள்வி (திண்டுக்கல், வங்கி ஊழியர்): பேருந்தில் வெயிலில் வந்ததும் பால் கொடுக்கக் கூடாது, அது சூட்டுப்பால்; பகலெல்லாம் கட்டிக் கிடந்த பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் அத்தை. தினமும் கண்முன்னே பால் வீணாகிறது.

பதில்: பால் என்பது மார்புக்குள் குடத்தில் ஊற்றி வைத்ததுபோல் இருப்பதில்லை. அது உயிருள்ள திசுவுக்குள் உடல் வெப்பத்திலேயே இருக்கிறது. வெயிலில் வந்தாலும் திரிவதில்லை, எட்டு மணி நேரம் ஆனாலும் புளிப்பதில்லை. கையைக் கழுவிவிட்டு உடனே கொடுங்கள்.

மறுப்பு (விருதுநகர், நான்கு பிள்ளைகளை வளர்த்த பாட்டி): படித்தவர்கள் இப்படித்தான் சொல்வீர்கள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து அவசரமாகக் கொடுத்தபோதெல்லாம் என் மூத்தவனுக்குப் புரையேறிக் கக்கியிருக்கிறான். பீய்ச்சிவிட்டுக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது. இது நான் கண்ணால் கண்டது.

பதில்: அம்மா, நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. கட்டிப்போன மார்பில் பால் பீறிட்டு வரும். குழந்தையால் அந்த வேகத்துக்கு விழுங்க முடியாமல் மூச்சு முட்டும், காற்றையும் சேர்த்து விழுங்கும், கக்கும். ஆகவே சிறிது பீய்ச்சி மார்பை இளக வைத்துவிட்டுக் கொடுப்பது சரியான முறை; வார்டில் நாங்களும் அதையே சொல்லிக் கொடுத்தோம். பால் கெட்டது என்று முழுவதையும் தரையில் ஊற்றுவதுதான் தவறு. அந்தப் பாலைச் சுத்தமான டம்ளரில் பிடித்துச் சங்கில் புகட்டலாம். உங்கள் கண் கண்டது சரி, காரணம் மட்டும் வேறு.

குறுக்கீடு (ஓர் இளம் தந்தை): இதெல்லாம் மூடநம்பிக்கை. முந்தைய தலைமுறையின் பேச்சையே குழந்தை விஷயத்தில் கேட்கக் கூடாது.

பதில்: தம்பி, உங்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மருமகள் வேலையிலிருந்து வந்ததும் ‘உட்கார், தண்ணீர் குடி, உடம்பு கழுவிவிட்டு வா’ என்ற அந்தக் கட்டளையில், வேறு எந்த வழியிலும் அவளுக்குக் கிடைக்காத அரை மணி நேர ஓய்வு இருந்தது. இன்று பால் வீணாகக் கூடாது என்று நாம் அறிவுரை சொல்கிறோம். அவள் கைப்பையை வைத்த கையோடு குழந்தையையும் ஏந்தி, மறுகையால் குக்கரை ஏற்றுகிறாள். திண்டுக்கல் சகோதரி தன் அத்தையிடம் ‘பால் கெடாதாம், ஆனால் பத்து நிமிடம் உட்கார்ந்து கொடுக்கச் சொன்னார்கள்’ என்று சொல்லட்டும். சண்டை வராது.

பாட்டி மீண்டும்: அப்படியானால் எங்கள் காலத்தில் சீம்பாலையும் கொட்டச் சொன்னார்களே, அதற்கும் ஏதாவது காரணம் இருக்குமா?

பதில்: இல்லை அம்மா, அதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. மஞ்சளாக, கெட்டியாக இருந்ததால் சீழ் என்று பயந்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்புப் பொருள் செறிந்த முதல் பால் அது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டியது. அதைக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைத்ததில் எத்தனை குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்பதை நானும் கண்ணால் கண்டவள்.

கேள்வி (நாமக்கல்): பால் போதவில்லை. என்ன சாப்பிடலாம்?

பதில்: கரூர்க்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். பூண்டும் சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுதான். ஆனால் பாலைக் கூட்டுவது, குழந்தை அடிக்கடி குடிப்பதே.

கேள்வி (மயிலாடுதுறை): வசம்பு, தேன், கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

பதில்: ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். மற்ற இரண்டும் தேவையில்லை. ஆறு மாதம் முடியும்வரை தண்ணீரும் தேவையில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): அறுவை சிகிச்சைக்குப் பின் பல வாரம் உடல்நலமில்லாமல் இருந்தேன். பால் நின்றுவிட்டது. குழந்தை பவுடர் பாலில்தான் வளர்கிறான். நான் தவறு செய்துவிட்டேனா?

பதில்: இல்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அளவைப் பற்றி மட்டும்தான். கொதிக்க வைத்த நீர் அதிகம் ஆறிவிடும் முன்பே, அரை மணி நேரத்திற்குள், பவுடரைக் கலந்து, பிறகு பாத்திரத்தைக் குளிர்நீரில் வைத்து ஆற்றிக் கொடுங்கள். டின்னோடு வரும் கரண்டியால் தலைதட்டி, அதில் அச்சிட்டுள்ள நீர் அளவுக்கே கலக்க வேண்டும். மாதக் கடைசியில் டின் தீர்ந்துவிடக் கூடாதென்று நீரைக் கூட்டுவார்கள். அப்படி நீர்த்த பாலால் எலும்பும் தோலுமாக வார்டுக்கு வந்த குழந்தைகள் உண்டு. பவுடர் பாலையும் சங்கிலோ டம்ளரிலோ புகட்டலாம், புட்டி வேண்டாம். யார் எதிரிலும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (ஓசூர்): மாமியாரிடம் விடுவதா, காப்பகத்தில் விடுவதா?

பதில்: இது என் துறைக்கு வெளியே. காப்பகம் என்றால், சொல்லாமல் கொள்ளாமல் மதியம் இரண்டு மணிக்கு ஒருநாள் சென்று, குழந்தைகளை மல்லாந்து படுக்க வைத்திருக்கிறார்களா, ஆயா எத்தனை குழந்தைகளுக்கு ஒருவர், பாலை எதில் புகட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம்): குழந்தைக்கு இரண்டு மாதம். அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. காரணமில்லாமல் அழுகிறேன். வேலைக்குப் போனால் சரியாகிவிடுமா?

பதில்: பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் பலருக்கு அழுகை வரும், தானாகவே போய்விடும். இரண்டு மாதம் ஆகியும் தொடர்ந்தால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. வேலைக்குத் திரும்பும் நாளுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸின் எண் 14416. எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் தனியாக இருக்காமல், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லி, அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (சேலம்): தடுப்பூசிக் காய்ச்சலுக்கு எத்தனை சொட்டு?

பதில்: ஊசி போட்ட செவிலியரிடம் குழந்தையின் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி (ஆம்பூர்): பால் போதவில்லை...

பதில்: எடை எவ்வளவு? சிறுநீர் எத்தனை முறை? இவ்விரண்டும் இல்லாமல் இதே கேள்வியை இன்று மேலும் ஏழு பேர் அனுப்பியிருக்கிறார்கள். எட்டுப் பேருக்கும் பதில் ஒன்றுதான், மேலே இருக்கிறது.

கேள்வி (செங்கல்பட்டு, கணவர்): நான் என்ன செய்ய முடியும்?

பதில்: சங்கையும் பாத்திரங்களையும் தினமும் கொதிநீரில் போட்டெடுப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். இரவில் பால் கொடுத்து முடித்த பின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வதும்.

கேள்வி (திருநெல்வேலி, மருத்துவப் பரிசோதனைக்கூடப் பணியாளர்): வரும் திங்கட்கிழமை சேர்கிறேன். முதல் நாளுக்கு எதை மறக்கக் கூடாது?

பதில்: முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையோ பொத்தான் வைத்த சுடிதாரோ அணியுங்கள். பூப்போட்ட அழுத்த நிறம் நல்லது, பால் கசிந்த ஈரம் வெளியே தெரியாது. மடித்த பருத்தித் துணி நான்கும், மாற்றுச் சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும். மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பீய்ச்சக் கதவு தாழிடும் இடம் எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கழிப்பறையைக் காட்டினால் ஏற்காதீர்கள். முடிந்தால் திங்களுக்குப் பதில் வியாழக்கிழமை சேர அனுமதி கேளுங்கள். இரண்டு நாள் சென்றதும் வார விடுமுறை வந்துவிடும், பால் கட்டினாலும் குழந்தை கூடவே இருப்பான்.